73 நாளில் 31 நிகழ்ச்சி, ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பெயர் தெரியாது: சபை அட்டவணையை எப்படிப் போடலாம்?

புதிய செயலர் கேட்கிறார்:

அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

எங்கள் சபைக்கு நான் செயலராகி நான்கு மாதம் ஆகிறது. அட்வெந்து (கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு ஞாயிறுகளின் காலம்) தொடங்கி லெந்து (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) பிறக்கும் வரைக்குமான நிகழ்ச்சி அட்டவணையை அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் வைக்க வேண்டும். எழுதி முடித்துவிட்டேன். ஆனால் முடித்ததிலிருந்து மனது சரியில்லை.

2026-ல் அட்வெந்து முதல் ஞாயிறு நவம்பர் 29. அடுத்த ஆண்டு ஈஸ்டர் மார்ச் 28-லேயே வந்துவிடுவதால் லெந்து தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி 10. நடுவில் இருப்பது 73 நாள். அதற்குள் 31 நிகழ்ச்சி எழுதி வைத்திருக்கிறேன். வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டு பாடும் கீதபவனி மட்டும் ஆறு இரவு. வாலிபர் கூடுகை, பெண்கள் ஐக்கியத்தின் உபவாச ஜெபம், ஓய்வுநாள் பள்ளி விழா, ஆண்டிறுதி விழிப்பு ஆராதனை, ஜனவரி 18 முதல் 25 வரை வரும் கிறிஸ்தவ ஒற்றுமைக்கான ஜெப வாரம், இன்னும் பல. எதையும் நான் புதிதாகச் சேர்க்கவில்லை. போன வருடத் தாளை வைத்துக்கொண்டு தேதியை மட்டும் மாற்றினேன்.

பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே பொறுப்பாளர் பெயரை எழுதினேன். 31 வரியிலும் மாறி மாறி வருவது ஒன்பதே பெயர். ஞாயிறு ஆராதனைக்கு ஏறக்குறைய 160 பேர் வருகிறார்கள்.

இதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஆலயத்தில் கடைசி பெஞ்சில் ஒரு அம்மா உட்காருவார். ஒன்றரை வருடமாக வருகிறார். போன மாதம் கையில் கட்டோடு வந்தார். விசாரித்தால், மணிக்கட்டு எலும்பு முறிந்து ஐந்து ஞாயிறு வரவில்லையாம். ஐந்து ஞாயிறு! நான் கவனிக்கவே இல்லை. மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை மகளே, உங்களுக்கெல்லாம் கோயில் வேலை தலைக்கு மேல இருக்கே" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. அந்த ஐந்து வாரமும் நான் ஆலயத்தில்தான் இருந்தேன். ஒரு ஞாயிறு நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தேன், ஒரு ஞாயிறு ஒலிபெருக்கிக்காரருக்காக வாசலில் காத்திருந்தேன்.

இப்போது என் கேள்வி. நிகழ்ச்சிகளைக் குறைப்பதா? குறைத்தால் "இந்தக் கமிட்டி வந்ததும் சபை படுத்துவிட்டது" என்பார்களே. குறைக்காமல், இருப்பவற்றிலேயே புதியவர்களையும் ஒதுங்கி நிற்பவர்களையும் சேர்க்க வழி உண்டா? உங்கள் சபைகளில் நடந்ததைச் சொன்னால் உதவியாக இருக்கும். பொதுவான அறிவுரை எனக்கு நிறையவே கிடைத்துவிட்டது.


ஆல்ட்டோ பாடகி எழுதுகிறார்:

அக்கா, நான் 22 வருடமாகப் பாடகர் குழுவில் இருக்கிறேன். எங்கள் சபையில் மூன்று வருடத்துக்கு முன் கிறிஸ்துமஸ் கீதாராதனையை மாற்றினோம், அதைச் சொல்கிறேன்.

அதுவரை கீதாராதனை என்றால் நாங்கள் 24 பேர் பாடுவோம், மற்றவர்கள் கேட்பார்கள். நடுநடுவே வரும் ஒன்பது வேதபாடங்களை (வேதாகமப் பகுதிகளை) ஆயரும் கமிட்டி உறுப்பினர்களும் வாசிப்பார்கள். அப்புறம்தான் இந்த ஒன்பது பாட ஆராதனை எப்படி வந்தது என்று படித்துப் பார்த்தேன். 1880-ல் இங்கிலாந்தின் ட்ரூரோ நகரில் பேராலயம் இன்னும் கட்டி முடியவில்லை. தற்காலிகமாகப் போட்ட ஒரு மரக் கொட்டகையில்தான் பேராயர் எட்வர்ட் வைட் பென்சன் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு இதை நடத்தினார். வாசிப்பவர்கள் வரிசையைப் பாருங்கள்: முதல் பாடம் பாடகர் குழுச் சிறுவன், கடைசிப் பாடம் பேராயர். சின்னவரில் தொடங்கிப் பெரியவரில் முடியும். 1918-ல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி எடுத்துக்கொண்ட பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது.

ஒன்பது பாடம் என்றால் ஒன்பது வாசகர். அந்த வருடம், இதுவரை பீடத்தின் பக்கமே போகாத ஒன்பது பேரைத் தேடினோம். ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தை ஒன்பது வயதுப் பெண் வாசித்தாள். யோவான் முதல் அதிகாரத்தை வாசித்தவர் சபையிலேயே வயதில் மூத்தவர். நடுவில், சேர்ந்து இரண்டே மாதம் ஆன ஒரு குடும்பத்தின் தகப்பனார்.

ஒரு மாதம் முன்பே பாடத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுங்கள். ஆலயம் காலியாக இருக்கும்போது ஒலிவாங்கி முன்னால் இரண்டு தரம் வாசிக்கச் சொல்லுங்கள். சும்மா பெயர் கூப்பிட்டு ஏற்றினால் பயந்துபோவார்கள், அடுத்த வருடம் வரமாட்டார்கள். எங்களுடைய முதல் வருடத்தில் ஒருவர் பாதியில் நின்றுவிட்டார். ஒத்திகை வைக்காதது எங்கள் தவறு. அவரிடம் நானே வீட்டுக்குப் போய்ப் பேசினேன்.

அடுத்த வருடம் ஒத்திகைக்கு வந்த இரண்டு மாலைகளில்தான் வாசகர்கள் ஒருவருக்கொருவர் பழகினார்கள். ஆராதனை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பழக்கம் நிலைத்தது.


ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை எழுதுகிறார்:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். குறைக்கத்தான் வேண்டும். அதிலும் முதலில் பிள்ளைகள் தலையில் ஏற்றியிருப்பதைக் குறையுங்கள்.

டிசம்பர் நெருங்கினால் எங்கள் வகுப்புகளே நின்றுவிடும். ஆறு ஞாயிறு நாடக ஒத்திகை. வசனம் பேசுகிற பத்துப் பிள்ளைகளுக்கு வேலை இருக்கும், மீதி முப்பது பேர் ஆட்டுக்குட்டியாகவும் நட்சத்திரமாகவும் சும்மா நிற்பார்கள். ஓய்வுநாள் பள்ளி எதற்காகத் தொடங்கியது? 1780-ல் க்ளஸ்டர் நகரில் பத்திரிகை நடத்திய ராபர்ட் ரெய்க்ஸ் இதை முன்னின்று நடத்தியபோது, வாரம் முழுக்க வேலைக்குப் போய் ஞாயிறு மட்டும் ஓய்வாக இருந்த ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பதுதான் வேலை. வேதாகமமே வாசிப்புப் புத்தகம். யாரும் கண்டுகொள்ளாத பிள்ளைகளைத் தேடிப் போன காரியம் அது. மேடைக்காக வந்ததில்லை.

போன வருடம் நாடகத்தை விட்டுவிட்டு அட்வெந்து வளையத்தை எடுத்தோம். அதுவும் பிள்ளைகளுக்காக வந்ததுதான். 1839-ல் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய யோகான் ஹின்ரிக் விக்கர்ன் என்ற போதகரிடம், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று பிள்ளைகள் தினமும் கேட்டுத் துளைத்தார்களாம். அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய மெழுகுவர்த்தியும், வார நாட்களுக்குச் சின்ன மெழுகுவர்த்திகளும் வைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்றச் செய்தார்.

எங்களுக்கு நான்கு போதும். நான்கு ஞாயிறு, நான்கு குடும்பம். சபைக்குப் புதிதாக வந்த குடும்பங்களையே தேர்ந்தெடுத்தோம். குடும்பமாக முன்னால் வந்து ஏற்றுவார்கள், ஒரு வசனம் வாசிப்பார்கள், ஆயர் அவர்கள் பெயரைச் சொல்லி ஜெபிப்பார். மூன்று நிமிடம் ஆகும். மூன்றாவது ஞாயிறு ஏற்றியது ஒரு தாயும் மகனும் மட்டும். குடும்பம் என்றால் நான்கு பேர் வேண்டும் என்று அந்தத் தாய் நினைத்துக்கொண்டு முதலில் மறுத்தார். இரண்டு பேரும் குடும்பம்தான் என்று சொல்லி அழைத்து வந்தோம். இப்போது அவர் என்னோடு சேர்ந்து இரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறார்.


இரவுப் பணி செவிலி எழுதுகிறார்:

சகோதரி, உங்கள் 31 நிகழ்ச்சியில் எத்தனை மாலை ஆறு மணிக்கு? எனக்கு மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் கிடைக்கும். மற்ற கூடுகை எல்லாம் நான் பணிக்குக் கிளம்புகிற நேரத்தில்தான் இருக்கும். "உங்களைக் காணவே முடியவில்லையே" என்று கேட்டுக் கேட்டு, வருகிற ஞாயிறுகூட நான் பின்வாசல் வழியாகப் போக ஆரம்பித்துவிட்டேன்.

ஒருநாள் பெண்கள் ஐக்கியத் தலைவி போன் செய்து, "வர வேண்டாம். மூன்று குடும்பத்தின் பெயர் தருகிறேன், உங்களுக்கு நேரம் கிடைக்கும்போது ஜெபியுங்கள், மாதம் ஒருமுறை போனில் நலம் விசாரியுங்கள்" என்றார். அதிகாலை நான்கு மணிக்கு வார்டில் சத்தம் அடங்கியிருக்கும்போது அந்த மூன்று பெயரையும் சொல்லி ஜெபிக்கிறேன். அன்றிலிருந்து நான் முன்வாசல் வழியாகத்தான் போகிறேன். அட்டவணையில் சனி காலை, ஞாயிறு மதியம் என்று இரண்டு மூன்றாவது மாற்றிப் போடுங்கள்.


ஓய்வுபெற்ற ஆயர் எழுதுகிறார்:

மகளே, உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். இது உன் சபையில் மட்டும் நடப்பது அல்ல. எருசலேமில் முதல் சபையிலேயே நடந்தது.

அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் பார். சபை பெருகியபோது கிரேக்கம் பேசியவர்களின் விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது தினமும் உணவு பகிர்ந்து கொடுப்பதில், விடுபட்டுப் போனார்கள். யாரும் வேண்டுமென்று விடவில்லை. ஆள் பெருகியது, கண் எட்டவில்லை. முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் அதைக் கடிந்துகொள்ளவில்லை, ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர். யாருடைய பாட்டிமார் விடுபட்டார்களோ, அந்தப் பக்கத்து ஆட்களிடமே பந்தி முழுவதையும் ஒப்படைத்திருக்கிறார்கள் என்றுதான் நான் வாசிக்கிறேன். விடுபட்டவருக்கு எது விடுபடுகிறது என்று தெரியும்.

ஆகவே உன் ஒன்பது பேரைப் பதினைந்து ஆக்குவது மட்டும் போதாது. அந்தப் பதினைந்தில் கடைசி பெஞ்சுக்காரர் எத்தனை பேர் என்று பார்.

நான் 34 வருடம் ஆயராக இருந்தேன். நடுவில் ஒரு சபையில் ஆலயத்தைப் பெஞ்சு பெஞ்சாகப் பிரித்தோம். நான்கு பெஞ்சுக்கு ஒருவர். அவருக்குக் கூட்டம் கிடையாது, கணக்கு கிடையாது. தன் நான்கு பெஞ்சில் யாரைக் காணோம் என்று பார்த்து, திங்கள்கிழமைக்குள் ஒரு போன் செய்ய வேண்டும், அவ்வளவுதான். இரண்டு காரியத்தில் கண்டிப்பாக இருந்தேன். "ஏன் வரவில்லை?" என்று கேட்கக் கூடாது. "இந்த வாரம் உங்களைப் பார்க்கவில்லை, நலமா?" என்றுதான் தொடங்க வேண்டும். ஒருவர் தன் வியாதியைச் சொன்னால், அவரிடம் கேட்காமல் அதை அறிவிப்பில் வாசிக்கக் கூடாது. இதை மீறி ஒருமுறை ஒரு பெயர் வாசிக்கப்பட்டு, அந்தக் குடும்பம் எட்டு மாதம் வரவில்லை. அறிவிப்பை எழுதிக் கொடுத்தது நான்தான். இன்றும் அது என் மனதில் இருக்கிறது.

ரோமர் 16-ஐயும் நேரம் கிடைத்தால் வாசி. ரோமாபுரி பவுல் அதுவரை போகாத ஊர். ஆனாலும் இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார், ஒருவருடைய தாயைத் தனக்கும் தாய் என்கிறார்.

குறைத்தால் பேசுவார்கள் என்று பயப்படாதே. கீதபவனியை ஆறு இரவிலிருந்து மூன்றாக்கு. மீதி மூன்று மாலை, இந்த வருடம் துக்கம் நடந்த வீடுகளுக்கும், படியிறங்க முடியாதவர்கள் வீடுகளுக்கும் மட்டும் நான்கைந்து பேராகப் போய் ஒரு பாட்டு பாடி ஜெபித்து வாருங்கள். அட்டவணையில் ஆறு வரி ஆறாகவே இருக்கும், கமிட்டியில் கேள்வி வராது.


புதிய செயலர் மறுபடியும்:

எல்லாருக்கும் நன்றி. ஐயா, உங்கள் பதிலை எங்கள் ஆயரிடம் வாசித்துக் காட்டினேன்.

நேற்று கமிட்டி முடிந்தது. 31 இப்போது 22. பிள்ளைகள் நாடகம் இந்த வருடம் இல்லை, அதற்கு மட்டும் முக்கால் மணி நேரம் விவாதம் நடந்தது. டிசம்பர் 6-ல் அட்வெந்து மெழுகுவர்த்தி ஏற்றப்போகும் குடும்பம் போன ஈஸ்டருக்கு வந்து சேர்ந்தவர்கள், கேட்டதும் சரி என்றார்கள். ஒன்பது வாசகரில் ஆறு பேர் கிடைத்திருக்கிறார்கள். வாலிபர் கூடுகை ஒன்று சனி காலைக்கு மாறியிருக்கிறது, செவிலி சகோதரி சொன்னதற்காகவே.

கட்டுப் போட்ட அந்த அம்மாவின் வீட்டுக்கு நேற்று முன்தினம் போனேன். பின் நான்கு பெஞ்சையும் நீங்கள் பார்த்துக்கொள்ள முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் எழுந்து உள்ளே போய் ஒரு பழைய டைரியைக் கொண்டு வந்தார். வராதவர்கள் பெயரை ஞாயிறுதோறும் அதில் எழுதி ஜெபித்து வந்திருக்கிறார். பெயர் தெரியாதவர்களை "நீலக் குடைக்காரர்", "இரட்டைப் பிள்ளைகளின் அம்மா" என்று எழுதியிருந்தார். "பின்னால இருந்து பார்த்தா எல்லாரும் தெரிவாங்கம்மா" என்றார். நான் களைத்துப்போய் இருந்ததையும்கூட எழுதி வைத்திருந்தார்.

நீலக் குடைக்காரர் மூன்று வாரமாக வரவில்லையாம். அவர் பெயரையும் விலாசத்தையும் சபைப் பட்டியலில் தேடி எடுத்துவிட்டேன். அம்மாவும் நானும் இன்று மாலை போகிறோம்.