'ரன்': இயக்கு, இயங்கு, ஓட்டம், ஒத்திகை

நண்பர்களுக்கு வணக்கம்.

மென்பொருள்களைத் தமிழாக்கும்போது 'ரன்' (run) என்ற ஆங்கிலச் சொல் எங்கு வந்தாலும் 'இயக்கு' என்றே போட்டுவிடலாம் என்ற முன்மொழிவை ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நிரலை (புரோகிராமை) நாம் ஓடவிடுவதற்கும் நிரல் தான் ஓடுவதற்கும் ஆங்கிலத்தில் ஒரே வினை. நமக்கோ பிறவினை 'இயக்கு', தன்வினை 'இயங்கு' என இரண்டு உண்டு; நிரப்பு, நிரம்பு போல. பொத்தானில் 'இயக்கு' என்றும், அழுத்தியபின் நிலைப்பட்டையில் 'இயங்குகிறது' என்றும் வரவேண்டும். அங்கே 'இயக்குகிறது' என்று எழுதினால், எது எதை இயக்குகிறது என்று பயனர் தேடுவார்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அச்சுப்பொறி போன்ற சாதனங்களைக் கணினியோடு வேலைசெய்ய வைக்கும் மென்பொருளான டிரைவருக்கு 'இயக்கி' என்ற சொல் நிலைத்துவிட்டது. 'இயக்கி நிறுத்தப்பட்டது' என்ற வரியைப் பாருங்கள். டிரைவர் நின்றதா, ஏதோ ஒன்றை ஓடவிட்டுப் பிறகு நிறுத்தினார்களா? இரண்டு பொருளும் வரும். 'சாதன இயக்கி' என்று முழுதாக எழுதினால் குழப்பம் தீரும். காணொளியின் பிளே பொத்தானுக்கும் 'இயக்கு' என்றே போடும் பழக்கத்தையும் இத்தோடு விட்டுவிடலாம். 'காட்டு', 'ஒலிக்கவிடு' போதும்.

பெயர்ச்சொல்லாக வரும் 'ரன்' வேறு. தானியங்குச் சோதனைகளில் ஒவ்வொரு முறைக்கும் ஓர் எண் கொடுப்பார்கள். அங்கே '12ஆம் இயக்கம்' என்றால் அரசியல் இயக்கம் போல ஒலிக்கிறது. '12ஆம் ஓட்டம்' தெளிவு.

இதை மொழிபெயர்ப்புக் கோப்பில் கையாள்வதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மூலச் சரம் (மொழிபெயர்க்க வேண்டிய ஆங்கிலத் தொடர்) ஒன்றே என்றால், அந்தக் கோப்புகளை உருவாக்கும் கெட்டெக்ஸ்ட் கருவி அதை ஒரே பதிவாக்கிவிடும். பொத்தானின் 'ரன்', அட்டவணைத் தலைப்பின் 'ரன்' இரண்டுக்கும் ஒரே தமிழ்தான் கிடைக்கும். நிரலாளர் சூழல் குறிப்பைச் சேர்த்தால் பதிவு இரண்டாகப் பிரியும். வெறும் கருத்துரை சேர்த்தால் பிரியாது. அது மொழிபெயர்ப்பவர் பார்வைக்கு மட்டும். எனவே அகராதியில் சொல்லைப் பூட்டும் முன் நிரலாளரிடம் சூழல் குறிப்புக் கேளுங்கள்.

நிரலின் பெயர் வந்து அமரும் இடக்குறியோடு 'ஐ' உருபை ஒட்டவும் கூடாது. 'பாடம்' என்ற பெயர் வந்தால் 'பாடம்ஐ இயக்கு' என்று நிற்கும். இடக்குறிக்குப் பின் 'நிரலை இயக்கு' என்று எழுதினால் எந்தப் பெயர் வந்தாலும் வாக்கியம் கெடாது.

'ரன்டைம்' மூன்று பொருள் தரும். நிரலைத் தொகுக்கும் (கம்பைல்) கட்டத்துக்கு எதிரான, நிரல் ஓடும் கட்டம் என்றால் 'இயங்குநேரம்'. பிழைச்செய்தியில் 'இயங்குநேரப் பிழை'. நிரல் ஓடத் துணைநிற்கும் நூலகங்களின் தொகுதி என்றால் 'இயங்குசூழல்'. ஒரு வேலைக்குப் பிடித்த நேரம் என்றால் 'எடுத்த நேரம்', அவ்வளவே.

நினைவகம் 'ரன் அவுட்' ஆனால் 'நினைவகம் போதவில்லை'. இதற்குக் கலைச்சொல்லே தேவையில்லை.

எதையும் மாற்றாமல், என்ன நடக்கும் என்று மட்டும் பார்க்கும் டிரை ரன்னுக்கு 'வெள்ளோட்டம்' என்று முன்மொழிகிறேன்.

—

ஐயா, வணக்கம். இயக்கு, இயங்கு பிரிப்பை முழுமையாக ஏற்கிறேன். வெள்ளோட்டத்தில் மட்டும் மாறுபடுகிறேன். புதுத் தேரை வெள்ளோட்டம் விட்டால் தேர் உண்மையாகவே ஓடும். கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையை டிரை ரன்னாகக் கொடுத்தால் எந்தக் கோப்பும் நகலாகாது. எவை நகலாகும் என்று பட்டியலிட்டுப் பார்க்க மட்டுமே அது உதவும். 'வெள்ளோட்டம்' என்று படித்த பயனர், கோப்புகள் ஒருமுறை நகலாகிவிட்டன என்று நம்பி மூலத்தை அழித்துவிட்டால் தரவு போய்விடும். டிரை ரன்னுக்கு 'ஒத்திகை' வைத்து, உண்மையாக ஓடும் டிரையல் ரன்னுக்கு 'வெள்ளோட்டம்' வைக்கலாமா?

விடுபட்ட ஒன்று, ரன் லெங்த் என்கோடிங். 'ககககபப' என்பதை '4க2ப' என்று சுருக்கும் முறை. இங்கே ரன் என்பது ஒரே மதிப்பு அடுத்தடுத்து வருவது. ஓட்டமும் இல்லை, இயக்கமும் இல்லை. 'தொடர்நீளக் குறியாக்கம்' என்று பட்டியலில் சேர்த்திருக்கிறேன்.

—

ஒத்திகையே சரி, ஐயா. பட்டியலில் மாற்றிவிடுங்கள். விளக்கக் கட்டத்தில் 'மாற்றம் எதுவும் நிகழாது' என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள்.