பழைய நிலப்படத்தை இன்றைய நிலத்தின் மேல் பொருத்த ஒரு சொல்

சிவகங்கை, பள்ளி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஊர்ப்பக்கக் கண்மாய்களைத் தேடி நடக்கப்போகிறோம். கையில் இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள், எண் 58 கே/5, ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல். அதை ஸ்கேன் செய்து, கோயில், கிணறு, கலுங்கு (கண்மாயின் மிகுநீர் வழியும் கல்கட்டு) என்று இன்றும் இருக்கிற இடங்களைப் புள்ளி வைத்துச் செயற்கைக்கோள் படத்தின் மேல் உட்கார வைக்கவேண்டும். இந்த ஜியோரெஃபரென்சிங்குக்கு என்ன சொல்வது? 'புவிசார் குறிப்பீடு' என்று எழுதினேன். "மதுரை மல்லிக்குக் கொடுத்தாங்களே, அதுவா டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டுவிட்டான்.

சென்னை, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

பையன் கேட்டது நியாயம் அம்மா. புவிசார் குறியீடு என்பது ஓர் ஊருக்கே உரிய பொருளுக்குத் தரும் சான்று என்ற வேறு பொருளில் ஊன்றிவிட்டது. தவிர, புவி வடசொல். நம்மிடம் ஞாலம் இருக்கிறது. ஞாலுதல் என்றால் தொங்குதல். அண்டவெளியில் தொங்குவது ஞாலம். 'ஞாலப்பொருத்தம்' எனலாம். இன்னொன்று: தமிழ் அகத்திணை இலக்கணத்தில் நிலமும் பொழுதும் சேர்ந்ததுதானே முதற்பொருள்? பழைய படத்தில் இரண்டும் இருக்கின்றன. அந்தப் பொழுதும் சொல்லுக்குள் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அப்புறம், கண்மாய் என்பதே கண்வாய்தான். நீர் வெளியேறும் கண்ணையும் வாயையும் வைத்து வந்த பெயர்.

கோவை, நில அளவைப் பணியில் இருந்தவர்:

ஐயா, ஞாலம் அழகுதான். ஆனால் வயல்வரப்பில் நிற்கிற பிள்ளைக்கு அது எட்டாது. யாரோ தனிமடலில் 'நிலப்பதிவு' என்றார்கள். வேண்டவே வேண்டாம், எல்லாரும் பத்திரப்பதிவு என்றுதான் நினைப்பார்கள். டீச்சர், ஒரு முக்கியமான விஷயம். பழைய தாளின் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் எவரெஸ்ட் நீள்கோளத்தில், அதாவது பூமியின் வடிவத்துக்கு அந்தக் காலத்தில் வைத்த அளவில், கணக்கிட்டவை. கைப்பேசி காட்டுவது வேறு கணக்கு. மூலை எண்களை அப்படியே தட்டினால் கண்மாய் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி நிற்கும். நிலத்தில் பார்த்த புள்ளிகளை வைத்துச் செய்யுங்கள். செய்கிற வேலை பொருத்துவது. அதனால் 'நிலப்பொருத்தம்' போதும்.

யாழ்ப்பாணம், புவியியல் ஆசிரியர்:

இங்கே நாங்கள் இந்தத் தாளை இடவிளக்கப்படம் என்கிறோம், கண்மாயைக் குளம் என்கிறோம். ஆனால் புவியியல், புவியீர்ப்பு இரண்டும் இரு கரைக்கும் பொது. அதை ஏன் விடவேண்டும்? 'புவிப்பொருத்தல்' என்பதே என் கருத்து. பொருந்துவது தன்வினை, பொருத்துவது பிறவினை. நாம் ஒன்றைக் கொண்டுபோய் வைக்கிறோம், ஆகவே தொழிற்பெயர் 'பொருத்தல்'தான் சரி. பொருத்தம் என்றால் சாதகம் பார்க்கிற நினைவு வரும்.

சென்னை, பேராசிரியர்:

பொருத்தல் என்பதை முழுமனதாக ஏற்கிறேன். புவியை ஏற்க முடியவில்லை. ஞாலம் கடினம் என்றால் நிலம் இருக்கட்டும். நில் என்ற அடி. நிலை பெற்றது நிலம். படமும் அங்கே நிலைபெறத்தான் போகிறது.

சிவகங்கை, ஆசிரியை:

எல்லாருக்கும் நன்றி. பிள்ளைகளுக்கான குறிப்புத் தாள் அச்சுக்குப் போய்விட்டது. 'நிலப்பொருத்தல்' என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் ஜியோரெஃபரென்சிங் என்று தமிழெழுத்தில் எழுதியிருக்கிறேன். கோவை ஐயா சொன்னபடி ஆறு புள்ளிகள் வைத்தோம். நேற்றுப் போய்ப் பார்த்தோம். படத்தில் வளைந்த கரையும் பக்கத்தில் '10 ஆர்' என்றும் இருந்தது, கரை சுற்று நிலத்தைவிடப் பத்து அடி உயரம் என்று பொருள். அங்கே சீமைக்கருவேலம் அடர்ந்து கிடந்தது. உள்ளே நுழைந்த பிள்ளைகள் காலடியில் கலுங்குக் கல் தட்டுப்பட்டதும் கூவினார்கள். கரை பாதிக்கு மேல் கரைந்திருந்தது, ஆனால் வளைவு படத்தில் இருந்தபடியே இருந்தது. இனி, பொருத்துவதற்காக நாம் வைக்கிற அந்தப் புள்ளியைச் சொல்லும் 'கட்டுப்பாட்டுப் புள்ளி'க்கும் வேறு ஒரு சொல் பாருங்கள். யாரையும் கட்டுப்படுத்துவதில்லையே அது.

கோவை:

'பிணைப்புள்ளி' எப்படி? படத்தையும் நிலத்தையும் பிணைப்பது.

யாழ்ப்பாணம்:

பிணைப்புள்ளி மிக நன்று. நிலப்பொருத்தலில் எனக்கு உடன்பாடில்லை. என் வகுப்பில் புவிப்பொருத்தல் என்றே எழுதுவேன்.