மைனரின் பின்பக்கம்: லீஃப் ஸ்பிரிங்கோடு இருப்பதா, கொயிலுக்கு மாறுவதா?

கல்லடி மைனர்:

வணக்கம். என்னிடம் இருப்பது 1959ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் 1000, இரண்டு கதவு. அப்பாவின் கார். கரடியனாற்றில் அதிபராக இருந்த காலம் முழுக்க அவர் செங்கலடி வழியாக இதில்தான் போய் வந்தார். அவர் போனபின் பதினொரு வருடம் கொட்டிலிலேயே நின்றுவிட்டது. போன வருடம் வெளியே எடுத்து, 948 சிசி எஞ்சினைக் கழற்றி மசகிட்டுப் பத்திரமாக வைத்துவிட்டு, டொயோட்டா 4கே எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் போட்டேன். புத்தகத்திலும் மாற்றம் பதிந்தாயிற்று. பழைய எஞ்சின் 37 குதிரைவலு. இது அதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல்.

பிரச்சினை இதுதான். முதல் கியரில் கொஞ்சம் அழுத்திக் கிளட்சை விட்டால் பின்பக்கம் தடதடவென்று அடிக்கிறது. தம்பியை ஓட்டவிட்டு நான் வீதியோரம் குந்தியிருந்து பார்த்தேன். டிஃப்பின் (பின் அக்சிலின் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி) மூக்கு மேலே எழும்புகிறது, டயர் பிடி விடுகிறது, மூக்கு கீழே விழுகிறது, திரும்ப எழும்புகிறது. ஒரு நொடிக்குள் நாலைந்து தடவை.

பட்டை பட்டையாக அடுக்கிய அந்த லீஃப் ஸ்பிரிங்கைக் கழற்றிப் பார்த்தேன். இடப்பக்கம் இரண்டாவது பட்டையில், அக்சிலோடு கட்டும் யூ போல்ட்டுக்குப் பக்கத்தில் ஏதோ தட்டுப்பட்டது. கம்பிப் பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டு மேலே சோக்குத் தூள் பூசினேன். கொஞ்ச நேரத்தில் அந்த வெள்ளையில் மயிரளவு ஈரக்கோடு ஒன்று குறுக்கே தானாக ஊறி வந்தது. பட்டை வெடித்திருக்கிறது. எத்தனை நாளாக அம்மாவைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு இதிலே ஓடினேனோ தெரியாது.

எப்படியும் பின்பக்கத்தைப் பிரிக்கவேண்டும். அதனால் ஒரேயடியாக முடிவெடுக்க நினைக்கிறேன். லீஃபையே புதுப்பிப்பது ஒன்று. கொரோலா கேஈ 70 (டிஎக்ஸ்) செடானில் அக்சிலைப் பிடிக்கும் நாலு கம்பியையும் சுருளான கொயில் ஸ்பிரிங்கையும் அப்படியே ஏற்றுவது இன்னொன்று. அமெரிக்க ஹொட் ரொட்களில் (வேகத்துக்காக மாற்றிக் கட்டிய பழைய கார்கள்) வருவதுபோல முக்கோணமாக நாலு கம்பி வைப்பது மூன்றாவது. எனக்கு ரேஸ் ஓடத் தேவையில்லை. கிழமைக்கு ஒருநாள் அம்மாவைக் கொக்கட்டிச்சோலைக் கோயிலுக்குக் கூட்டிப்போவேன். போகத்துக்கு இரண்டு மூன்று தடவை வலையிறவுப் பாலம் தாண்டி, படுவான்கரை வயலுக்கு விதைநெல் போகும், கிறவல் ரோட்டில். மற்றபடி கல்முனைப் பக்கம் நல்ல ரோட்டில் ஓட்டம். நீங்கள் என்றால் எதைச் செய்வீர்கள்?

செங்கலடி டிஎக்ஸ்:

நான் உங்கள் இரண்டாவது வழியைச் செய்தவன், அதனால் சொல்கிறேன். என் மைனரில் கேஈ 70 செடானின் பின் அக்சில், நாலு கம்பி, கொயில், குறுக்குக் கம்பி எல்லாம் இருக்கின்றன. ஓட்ட சுகம் அருமை. நீங்கள் சொல்லும் அடி அடியோடு இல்லை. கீழ்க் கம்பி இரண்டும் அக்சில் முன்பின் போகாமல் பிடிக்கின்றன, மேல் கம்பிகள் அது உருளாமல் பிடிக்கின்றன, குறுக்குக் கம்பி பக்கவாட்டைப் பார்த்துக்கொள்கிறது. ஸ்பிரிங்குக்குப் பாரம் தாங்குவது மட்டும்தான் வேலை.

ஆனால் அதற்கு நான் கொடுத்த விலையையும் கேளுங்கள். மைனருக்குத் தனிச் செசி இல்லை, உடம்புதான் செசி. லீஃப் ஸ்பிரிங்கின் இரண்டு முனையும் பிடிக்கும் இடத்தில்தான் அந்தக் காரில் பலம் வைத்திருக்கிறார்கள். பின்சீட்டின் கீழே இருப்பது வெறும் தகரம். நான் மேல் கம்பியின் பிடிகளை அந்தத் தகரத்தில் ஒட்டவைத்தேன். ஒரு மாரி முடியுமுன் வெல்டிங்கைச் சுற்றித் தகரம் கிழியத் தொடங்கியது. பிறகு எல்லாவற்றையும் வெட்டியெடுத்து, கதவுக்குக் கீழே ஓடும் படிப் பெட்டியில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை குறுக்கே பெட்டிக் குழாய் ஒன்று போட்டு, 3 மி.மீ தகட்டால் பாரத்தைப் பரப்பினேன். இரண்டு மாதம் கார் கட்டையில் நின்றது. முதலில் குறுக்குக் கம்பியையும் கட்டையாக வைத்துவிட்டேன். பள்ளத்தில் விழுந்தால் பின்பக்கம் ஒரு பக்கமாக இழுபட்டது. அந்தக் கம்பி எவ்வளவு நீளமாகவும், கார் நிற்கும்போது எவ்வளவு மட்டமாகவும் இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

வெட்டத் தயார் என்றால் வாருங்கள், என் காரைத் தூக்கிக் காட்டுகிறேன்.

களுவாஞ்சிகுடி கனடா:

ஊர் களுவாஞ்சிகுடி. இப்போது இங்கே பழைய கார்கள் கட்டும் கராஜ் ஒன்றில் வேலை. ஹொட் ரொட் என்று நீங்கள் படத்தில் பார்ப்பது பெரும்பாலும் 1932 ஃபோர்டு மாதிரி ஒன்று. அதற்கு அடியில் ஏணி போல முழுச் செசி இருக்கிறது. எங்கே வேண்டுமானாலும் பிடி வெல்ட் பண்ணலாம், உடம்புக்கு அது தெரியவே தெரியாது. முக்கோண நாலு கம்பி அங்கே பிரபலமானதற்குக் காரணம், சாய்ந்து நிற்கும் மேல் கம்பிகளே பக்கவாட்டையும் பிடித்துவிடும், குறுக்குக் கம்பி வேண்டாம். ஆனால் அந்த மேல் கம்பிகளின் பிடிகளுக்கு மிகப் பெரிய இழுவிசை வரும். உங்கள் காரில் அந்த இடத்தில் மேலே சொன்ன அதே தகரம்தான் இருக்கிறது.

இங்கே இழுவைப் பந்தயக்காரர் நீளமான ஏணிக் கம்பி ஒரு சோடி வைப்பார்கள். நேரே பாய அது சரி. ஒரு சில்லு ஏறி மறு சில்லு இறங்கும் ரோட்டில் இறுகிப்போகும். கிறவலுக்கு அதை நினைக்கவே வேண்டாம்.

அக்கரைப்பற்று லேத்:

தம்பி, நான் லேத்தில் நிற்கத் தொடங்கி முப்பது வருசம் தாண்டிவிட்டது. உங்க காரில் லீஃபுக்குக் குறையில்லை. ஒரு பட்டைக்கு இரண்டு வேலை. பாரமும் தாங்கவேணும், அக்சிலை அதன் இடத்தில் பிடித்துக்கொள்ளவும் வேணும். எஞ்சினின் முறுக்கு கூடினதும் பட்டை பாம்பு நெளிவதுபோல நெளியுது. நெளிந்தது விடுபடும்போது டயர் துள்ளுது. அந்த நெளிவை மட்டும் நிறுத்தினால் போதும்.

அதற்கு ஒவ்வொரு பக்கமும் ஒரு கம்பி. பின்முனை அக்சிலுக்குக் கீழே, ஸ்பிரிங் தட்டோடு. முன்முனை ஸ்பிரிங்கின் முன் கண்ணுக்குப் பக்கத்தில், அந்தப் பலமான பெட்டியிலேயே. கம்பியின் நீளமும் சாய்வும் ஸ்பிரிங்கின் முன்பாதிக்குக் கிட்டத்தட்ட ஒத்திருக்கவேணும். இரண்டும் ஒரே வளைவில் ஏறி இறங்கினால்தான் இறுகாது. இதைக் கவனிக்காமல் கண்ட இடத்தில் வைத்துவிட்டு, கார் கல்லு மாதிரி இருக்கு என்று வருபவர்கள் நிறையப் பேர்.

வெடித்த பட்டையை யாரும் வெல்ட் பண்ணித் தருகிறேன் என்றால் அந்தக் கராஜை விட்டு வந்துவிடுங்க. சூடு பட்டதும் ஸ்பிரிங் இரும்பின் பதம் போய்விடும். இரண்டு பக்கமும் புதுப் பட்டை வெட்டி, சோடியாக ஒரே வளைவுக்கு அடிக்கவேணும். விதைநெல் ஏற்றுவதற்காக ஒரு பட்டை கூடச் சேர்க்கச் சொல்வார்கள், சேர்க்காதீங்க. அந்தக் கார் முக்கால் தொன்தான். ஸ்பிரிங் தடித்தால் வெறும் காரோடு கிறவலில் சில்லு நிலத்தில் நிற்காது. துள்ளலை அடக்கும் பழைய கைச் சொக்கையும் மாற்றி, குழாய்ச் சொக்கை முடிந்தளவு நிமிர்த்தி வையுங்க. கண் புஷ்களுக்கு ரப்பரே போதும். லீஃபுக்குக் கொஞ்சம் முறுக இடம் வேணும்.

உங்க பழைய அக்சில் 4கேயை அதிக நாள் தாங்காது, சில்லைச் சுற்றும் அரையச்சு முறியும். 4.55 விகித டிஃப் ஐந்தாவது கியரிலும் எஞ்சினைக் கத்தவைக்கும். கொரோலா டிஎக்ஸ் வேகனின் அக்சில் தேடுங்க. அதுவும் லீஃபில் ஓடினதுதான். ஸ்பிரிங் இருக்கைகள் மட்டும் உங்க இடைவெளிக்குப் பொருந்தாது, வெட்டி எடுத்துப் புதிதாக வைக்கவேணும்.

கல்லடி மைனர்:

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு திரும்பத் திரும்ப வாசித்தேன். தகரம் கிழிந்த கதையோடு என் முடிவு கிட்டத்தட்ட வந்துவிட்டது. எஞ்சினைத் திரும்ப மாற்றலாம். அப்பாவின் காரின் உடம்பை வெட்டினால் திரும்ப வராது. அதுவும் கடற்கரைப் பக்கம் இந்த உப்புக்காற்றில், புது வெல்டிங் ஒவ்வொன்றும் துரு பிடிக்க ஒரு புது இடம்.

ஏறாவூரில் ஒருவரிடம் டிஎக்ஸ் வேகன் அக்சில் இருக்கிறது, போய் அளந்தேன். இரண்டு சந்தேகம். மைனரின் சில்லில் நாலு போல்ட்டும் நிற்கும் வட்டத்தின் விட்டம் 101.6 மி.மீ, கொரோலாவில் 114.3. அப்படியே போட்டால் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே மேலதிகச் சில்லு உதவாது. வயல் ரோட்டில் அது பெரிய சிக்கல். மற்றது அகலம். ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலத்துக்கு மேல் கூட வருகிறது. மட்காட்டில் உரசுமா?

அக்கரைப்பற்று லேத்:

போல்ட்டுக்குப் பயப்பட வேணாம். பழைய துளைகளுக்கு இடையில், 45 பாகை திருப்பி, அக்சில் முகத்திலும் டிரம்மிலும் 101.6க்கு நாலு புதுத் துளை போட்டுத் தருகிறேன். சில்லின் நடுத்துளையும் ஒருதரம் பார்த்துக்கொள்ளவேணும்.

அகலத்தைப் பற்றி: அரையச்சைக் கட்டையாக்கிப் பல் வெட்டும் வேலையை நான் தொடமாட்டேன். முதலில் உரசுதா என்று பாருங்க. இருக்கைகளைப் பொட்டு வெல்டில் மட்டும் பிடித்து, ஸ்பிரிங்கில் நீண்ட பட்டையைத் தவிர மற்றதெல்லாம் கழற்றி, சில்லோடு ஏற்றுங்க. அப்போது ஜக்கால் அக்சிலைக் கடைசித் தட்டு வரைக்கும் தூக்கலாம். ஒரு பக்கம் மட்டும் தூக்கியும் பாருங்க, உரசுவது அப்போதுதான் தெரியும். மட்காட்டின் உள்விளிம்பை மடித்தால் சரியாகும் என்றால் மடியுங்க. இல்லாவிட்டால் உள்ளே கூடப் போகும் சில்லுத்தான் வழி.

டிஃப் மூக்கின் சாய்வை, கார் நாலு சில்லிலும் தன் பாரத்தோடு நிற்கும்போது வையுங்க. கியர் பெட்டியின் பின்தண்டுக்குச் சமாந்தரமாகப் பிடித்து, அதிலிருந்து மூக்கை இரண்டு பாகை கீழே இறக்குங்க. அழுத்தும்போது அது தானாக எழும்பி நேருக்கு வரும். முழு வெல்டிங்கையும் ஒரே மூச்சில் ஓட்டவேணாம். இந்தப் பக்கம் ஓர் அங்குலம், அந்தப் பக்கம் ஓர் அங்குலம், ஆறவிட்டுத் திரும்ப. இல்லாவிட்டால் அக்சில் குழாய் வளைந்து சீலில் ஒயில் கசியும்.

கல்லடி மைனர்:

சரி, முடிவாகிவிட்டது. லீஃப், கம்பி, குழாய்ச் சொக், டிஎக்ஸ் அக்சில். செங்கலடி அண்ணன், உங்கள் காரை ஒருநாள் வந்து பார்க்கத்தான் போகிறேன், அந்தக் குறுக்குப் பெட்டி வேலையைக் கண்ணால் பார்க்க ஆசை. லேத் நானா, அக்சிலை வரும் வெள்ளிக்கிழமை அங்கே கொண்டு வரட்டுமா?

அக்கரைப்பற்று லேத்:

வெள்ளி கடை பூட்டு. சனிக்கிழமை காலை வாங்க. இரண்டு டிரம்மையும், மைனர் சில்லு ஒன்றையும் மறக்காமல் கொண்டு வாங்க, வைத்துப் பார்த்துத்தான் துளை போடுவேன். பழைய யூ போல்ட்டை எறிந்துவிடுங்க, புதிது போடுவோம். 500 கிலோமீட்டர் ஓடினதும் அதைத் திரும்ப ஒருதரம் இறுக்கவேணும்.