பழைய காற்றுப் படகுக்கு ஒட்டா, புதுப் படகா?

வாவிக்கரையான்:
பத்து ஆண்டு கடந்த காற்றுப் படகுக்கு, அதாவது துணிக் குழாய்களில் காற்றடைத்து மிதக்கவிடும் படகுக்கு, ஒட்டுப்போடுவது பணத்தை வாவியில் எறிவதாகும் என்று நேற்று ஒருவர் தீர்ப்பு எழுதியிருந்தார். நிரப்பி வைத்த படகு காலையில் தொய்ந்து கிடந்ததாம். ஆகவே துணியே செத்துவிட்டதாம். வெயிலில் 45 பாகை சூடேறிய குழாயை 0.25 பார் (காற்றழுத்த அலகு) அளவுக்கு நிரப்பிவிட்டு, விடியற்காலை 26 பாகையில் தொட்டுப் பார்த்தால், ஒரு துளையும் இல்லாமலே அழுத்தம் 0.17 பாருக்கு அருகில் இறங்கியிருக்கும். குளிர்ந்த காற்று சுருங்கும் என்பதை அறியாதவர்கள்தாம் படகை வெட்டித் தார்ப்பாயாக்கச் சொல்கிறார்கள்.

கல்லடியான்:
அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே ஏசலாம். நான் நிரப்பியது மாலை ஆறு மணிக்கு, வேப்பமர நிழலில். எஞ்சின் பூட்டும் பின்பலகை குழாயோடு சேரும் மூட்டில் சவர்க்கார நீர் தடவியபோது, விரல் நீளத்துக்கு நுரை பொங்கியதைக் கண்ணால் கண்டேன். பீ.வீ.சீ. துணியிலுள்ள மென்மையாக்கி கசிந்து, கை வைத்த இடமெல்லாம் பிசுபிசுக்கிறது. அந்த மேற்பரப்பில் எந்தப் பசை நிற்கும்?

வாவிக்கரையான்:
மாலையில் நிரப்பினாலும் இரவில் குளிராமலா இருக்கும்? இறக்கம் இறக்கமே.

கல்லடியான்:
31 பாகையிலிருந்து 26க்கு இறங்கினால், உங்கள் கணக்கின்படியே 0.02 பார்தான் குறையும். என் படகோ மடித்து வைக்கும் அளவுக்குத் தளர்ந்து கிடந்தது.

பொத்துவில் மாலுமி:
இருவரும் துணியை மறந்துவிட்டீர்கள். 2014இல் வாங்கிய, ஹைப்பலோன் என்னும் செயற்கை இறப்பர் பூசிய துணியாலான என் படகு அறுகம்பே வெயிலிலேயே கிடக்கிறது. இன்னும் பிசுபிசுப்பு இல்லை. பீ.வீ.சீ. வாங்கியவர்கள் ஒட்டா புதிதா என்று கேட்பதே வீண்.

வாவிக்கரையான்:
டூபொன்ட் நிறுவனம் ஹைப்பலோன் உற்பத்தியை 2010இல் நிறுத்திவிட்டது, காக்கா. நான்கு ஆண்டு கழித்து உங்களுக்கு மட்டும் அதை யார் செய்து தந்தார்கள்?

பொத்துவில் மாலுமி:
அதே வகை இறப்பரை வேறு நிறுவனங்கள் செய்கின்றன. பழைய பெயர் ஒட்டிக்கொண்டது. இதுகூடத் தெரியாமலா பாகைக் கணக்குப் போடுகிறீர்கள்?

களுதாவளைத் தம்பி:
ஐயாமாரே, கண்டல் வேர் குத்தி என் படகின் அடிப்பகுதியில் ஓரங்குலக் கிழிசல் விழுந்திருக்கிறது. மூன்றே ஆண்டுப் படகு. இந்த மழைக்காலத்தில் ஒட்டலாமா?

கல்லடியான்:
தம்பி, மூட்டு வேறு, கிழிசல் வேறு. உமது படகுக்கு ஒட்டு நிற்கும். ஆனால் ஈரக்காற்றில் இருகலவைப் பசை, அதாவது இரண்டு பொருளைக் கலந்து பூசும் பசை, சரியாகப் பிடிக்காது. ஆகவே காய்ந்த நாளில் அசிட்டோன் தொட்டு மெல்லத் துடைத்து, இரண்டு பக்கமும் பூசி, ஒட்டியபின் ஒரு நாளாவது காற்றடிக்காமல் வையும். மார்கழியில் ஒட்டிவிட்டுத் தையில் வந்து அழாதீர்.

வாவிக்கரையான்:
மூன்று ஆண்டுப் படகுக்கு ஒட்டு நிற்குமாம், பன்னிரண்டு ஆண்டுப் படகுக்கு நிற்காதாம்! தம்பி, ஒட்டும் முன் இரவுக் குளிரில் ஒருமுறை அளந்து பாரும்.

கல்லடியான்:
அளக்கத்தான் ஆசை. கடந்த வைகாசியில் என்னிடம் இரவல் வாங்கிய அழுத்தமானியை நீங்கள் திருப்பித் தந்தால், இன்றிரவே அளந்து காட்டுவேன்.

வாவிக்கரையான்:
அது உப்பேறி முள் இறுகிப்போனதால் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதைக் காட்டிக் குளிர்ந்த காற்று சுருங்காது என்று நிறுவ வேண்டாம். உங்கள் மூட்டில் ஒரு குறையும் இல்லை.