அம்மாவுக்கு இன்ஹேலர் கேக்கவே மாட்டேங்குது, அவசரம்

கடையநல்லூரான் | செவ்வாய், இரவு 10.40
அம்மாவுக்கு நுரையீரல்ல சிஓபிடி, அதான் மூச்சுக்குழாய் சுருங்கி நாள்பட்டு மூச்சு வாங்குற நோய்னு சொல்லி ஒரு மாசமா இன்ஹேலர் குடுக்குறோம். மருந்து கேக்கவே மாட்டேங்குது. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு கட்டில் விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு குனிஞ்சு உக்காந்துருக்காங்க. வேற நல்ல இன்ஹேலர் எதுன்னு சொல்லுங்க. நான் சென்னையில வேலை, ரெண்டு நாள் லீவுலதான் வந்துருக்கேன். அவசரம்.

மருந்துக்கடை தங்கச்சி | 10.52
அண்ணே, எந்த இன்ஹேலர்? அமுக்குனா பீச்சுற பம்பா, கேப்ஸ்யூல் போட்டு இழுக்குற மெஷினா? என்ன கலர்? ஒரு நாளைக்கு எத்தனை தடவை? இது எதுவும் சொல்லாம யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதுண்ணே.

பேட்டை பாய் | 10.58
முதல்ல இதைச் சொல்லுங்க தம்பி. இப்ப அம்மாவால முழு வாக்கியம் பேச முடியுதா? உதடு, நகம் நீலம் பாயுதா? அப்படி இருந்தா இங்க தட்டிக்கிட்டு இருக்காதீங்க, 108-க்குப் போடுங்க. எங்க வாப்பாவுக்கு விடியட்டும்னு காத்திருந்து ரொம்ப சிரமப்பட்டோம்.

குமரேசன்74 | 11.05
பம்பு காலியா இருக்கும். உள்ள இருக்குற டப்பாவைக் கழட்டித் தண்ணியில போடுங்க. மூழ்குனா மருந்து இருக்கு, மிதந்தா காலி. பத்து வருஷமா எங்க வீட்டுல இப்படித்தான் பாக்குறோம்.

மருந்துக்கடை தங்கச்சி | 11.11
சார், தண்ணியில போடாதீங்க. அதை நம்ப முடியாது, வால்வுக்குள்ள ஈரமும் போயிரும். மருந்து தீர்ந்த பிறகும் உள்ள வாயு மிச்சம் இருக்கும், அடிச்சா சத்தமும் வரும், புகையும் வரும். எண்ணித்தான் கண்டுபிடிக்கணும். 200 தடவை அடிக்கிற பம்புல தினம் 8 அடிச்சா 25 நாள். பெட்டி மேல தேதியை எழுதி வச்சா போதும். எண் காட்டுற பம்பு இருந்தா இந்தக் கவலையே இல்ல.

ஆறுமுகம் (மூத்த உறுப்பினர்) | 11.30
இதே கேள்வி இங்கே பலமுறை வந்துவிட்டது. பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. மருந்துப் பெட்டிக்குள் ஒரு தாள் மடித்து வைத்திருப்பார்கள். அதில் படம் போட்டு எல்லாம் இருக்கிறது. படித்த பிள்ளைகள் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் "வேற இன்ஹேலர் சொல்லுங்க" என்று கேட்பது வருத்தமாக இருக்கிறது. தவறு மருந்தில் இல்லை, கவனக்குறைவில்தான்.

நெஞ்சகப்பிரிவு செவிலி | 11.48
ஆறுமுகம் ஐயா, மன்னிக்கணும். இதைக் கவனக்குறைவுன்னு ஒதுக்க முடியாது. 2016-ல 'செஸ்ட்' மருத்துவ இதழ்ல ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்துச்சு. நாப்பது வருஷத்து ஆய்வுகள், அம்பதாயிரத்துக்கும் மேல நோயாளிகள். இன்ஹேலரைச் சரியா எடுத்தவங்க நூத்துக்கு 31 பேர்தான். அந்த நாப்பது வருஷத்துல நிலைமை முன்னேறவும் இல்ல. அத்தனை பேரும் அசட்டையா இருந்தாங்கன்னு சொல்ல முடியுமா? அந்தத் தாள் பொடி எழுத்துல, பெரும்பாலும் இங்கிலீஷ்ல. அறுபது தாண்டின அம்மா ஒருத்தங்க அதை எப்படிப் படிப்பாங்க?

கடையநல்லூரான் தம்பி, தங்கச்சி கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. மருந்தை மாத்துறதை அப்புறம் பாக்கலாம்.

கடையநல்லூரான் | புதன், காலை 6.15
சாரி, அசந்து தூங்கிட்டேன். இப்ப பேசுறாங்க, காப்பி குடிச்சாங்க. ரெண்டு இருக்கு. ஒண்ணு நீலப் பம்பு, திணறும்போது அடிக்க. இன்னொண்ணு கேப்ஸ்யூல் மெஷின், காலை ஒண்ணு ராத்திரி ஒண்ணு. ரெண்டும் இன்ஹேலர்தானேன்னு தனியா சொல்லல. வயசு 64. பீடி குடிச்சதே இல்ல, ஆனா முப்பது வருஷமா வீட்டுல பீடி சுத்துனாங்க. கேஸ் வந்தும் சோறு மட்டும் விறகடுப்புலதான்.

குமரேசன்74 | 7.02
அப்ப பீடித் தூள்தான் காரணம். மருந்துத் தண்ணியைப் பனி மாதிரி ஆக்கிக் குடுக்குற நெபுலைசர் வாங்கிருங்க, இன்ஹேலரை விட அதுக்குப் பவர் ஜாஸ்தி. அதோட பம்பு பழகிடும் தம்பி. ஒரு தடவை ஆரம்பிச்சா சாகுற வரைக்கும் விட முடியாது. எங்க சித்தப்பா மாத்திரையிலயே சமாளிச்சார்.

தூதுவளை | 7.20
குமரேசன் சார் சொல்றது சரி. ஆடாதோடை இலையைக் கஷாயம் வச்சு ஒரு மண்டலம் குடுங்க. சளி அறுந்து வந்துரும்.

மருந்துக்கடை தங்கச்சி | 7.41
பழகிடும் பழகிடும்னு சொல்லிச் சொல்லியே பாதிப் பேர் நாலு நாள்ல நிறுத்திடுறாங்க. ஒரு கணக்கு சொல்றேன். மூச்சுக்குழாயை விரிக்கிற சால்புடமால் மாத்திரை ஒண்ணு 4 மில்லிகிராம். அதே மருந்து பம்புல ஒரு அடிக்கு 100 மைக்ரோகிராம். அந்த ஒரு மாத்திரை 40 அடிக்குச் சமம். மாத்திரை ரத்தத்துல கலந்து உடம்பெல்லாம் சுத்தி வரும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். பம்பு மூச்சுக்குழாய்க்கே நேரா போகும். எது அதிகம்னு நீங்களே பாருங்க.

நீலப் பம்பை நாளுக்கு நாள் கூடுதலா அடிக்க வேண்டி வந்தா, நோய் கட்டுப்படலன்னு அர்த்தம். அதை மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லணும்.

தூதுவளை | 7.55
நம்ம மூலிகையைச் சொன்னாலே உங்களுக்கெல்லாம் ஆகாது. இத்தனை தலைமுறை அதுலதான் வாழ்ந்துச்சு.

நெஞ்சகப்பிரிவு செவிலி | 8.10
மூலிகையை யாரும் இளக்காரமா பேசல. சளி இளக்குற புரோம்ஹெக்ஸினே ஆடாதோடையில இருக்குற வாசிசின்ல இருந்து பிறந்த மருந்துதான். ஆனா சளியை இளக்குறது வேற, இறுகின மூச்சுக்குழாயை விரிச்சு வைக்கிறது வேற. இவங்க அம்மா ரெண்டாவதுக்குத் தவிக்கிறாங்க. டாக்டர் எழுதுனதை நிறுத்தச் சொல்லாதீங்க, அவ்வளவுதான்.

நெபுலைசரும் அப்படித்தான் சார். ஸ்பேசர்னு ஒரு குடுவை இருக்கு, அதுல பம்பைப் பொருத்திச் சரியா இழுத்தா பெரும்பாலானவங்களுக்கு நெபுலைசருக்கு ஈடா கேக்கும்.

தம்பி, ஒரே ஒரு வேலை பண்ணுங்க. அடுத்த வேளை அம்மா கேப்ஸ்யூல் இழுக்கும்போது பக்கத்துல உக்காந்து பாருங்க. திருத்தாதீங்க, சொல்லிக் குடுக்காதீங்க, அவங்க வழக்கமா செய்யுறபடி செய்யட்டும். முடிஞ்சதும் மெஷினைத் திறந்து கேப்ஸ்யூலையும் பாருங்க. பாத்ததை அப்படியே இங்க எழுதுங்க.

ஆறுமுகம் (மூத்த உறுப்பினர்) | 8.32
மூச்சிரைப்பு என்றாலே நுரையீரல் என்று முடிவு கட்டுகிறீர்கள். இந்த வயதில் இதயத்தையும் பார்க்க வேண்டும். ஈசிஜி, எக்கோ எடுத்தாயிற்றா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நெஞ்சகப்பிரிவு செவிலி | 8.40
இது சரியான கேள்வி ஐயா. படுத்தா திணறல் கூடுறதுக்கு இதயமும் காரணமா இருக்கலாம். தம்பி, கால் வீங்குதான்னும் பாத்துச் சொல்லுங்க.

கடையநல்லூரான் | 9.25
பாத்தேன். கால் வீக்கம் இல்ல. எக்கோ போன மாசமே எடுத்தாச்சு, நார்மல்னாங்க.

அம்மா மெஷினை முந்தானையால துடைச்சாங்க, கேப்ஸ்யூலைப் போட்டு மூடுனாங்க. சரியாத்தான் இருந்துச்சு. அப்புறம் மெஷினை வாயில வச்சுக்கிட்டு மூச்சு முழுசையும் அதுக்குள்ளயே ஊதுனாங்க. ஊதி முடிச்சு, சூடான காப்பியை உறிஞ்சுற மாதிரி மெல்ல இழுத்தாங்க. ஒரு சத்தமும் வரல. திறந்து பாத்தா கேப்ஸ்யூல் கிட்டத்தட்ட நெறஞ்சபடியே இருக்கு, பவுடர் நனைஞ்ச மாவு மாதிரி ஒரு ஓரமா அப்பியிருக்கு. ஏம்மா இப்படின்னு கேட்டேன். "மூச்ச நல்லா விட்டுட்டு மெதுவா இழுன்னு ஆஸ்பத்திரில சொன்னாவள்லா"ன்னாங்க.

ஒரு மாசமா இப்படியேதான் செஞ்சுருக்காங்க.

நெஞ்சகப்பிரிவு செவிலி | 9.50
அம்மா மேல கோவப்படாதீங்க தம்பி. சொன்னதைத்தான் செஞ்சுருக்காங்க. அவங்களுக்குச் சொன்னது பம்புக்கான முறை. ரெண்டையும் ஒரே நாள்ல கையில குடுத்தா இப்படிக் குழம்பத்தான் செய்யும், எங்க வார்டுல வாராவாரம் பாக்குறேன்.

பம்புல மருந்து தானா வேகமா பீச்சி வருது. அதனால குலுக்கி, மூச்சை வெளிய விட்டு, உதட்டால இறுக்கிப் பிடிச்சு, இழுக்க ஆரம்பிக்கும்போதே அமுக்கி, மெதுவா ஆழமா இழுக்கணும். வேகமா இழுத்தா மருந்து தொண்டையில மோதி அங்கயே நின்னுடும். சரியா இழுத்தாலே நுரையீரலுக்குள்ள போறது கொஞ்சம்தான்.

கேப்ஸ்யூல் மெஷின் நேர் எதிர். அதுக்குள்ள பீச்சுற வாயு கிடையாது, பவுடரைக் கிளப்புறதே நம்ம மூச்சுதான். அதனால எடுத்த எடுப்புலயே வேகமா, பலமா இழுக்கணும். அம்மா மெஷின் மூடுனா துளை விழுற மாடல்னா, இழுக்கும்போது கேப்ஸ்யூல் கிர்ர்னு சுத்துற சத்தம் கேக்கணும். மூச்சை வெளிய விடும்போது மெஷினை வாய்ப்பக்கமே கொண்டு வரக்கூடாது, முகத்தைத் திருப்பிக்கிட்டு விடச் சொல்லுங்க. ஒரு தடவை உள்ள ஊதுனாலே பவுடர் ஈரமாயிரும்.

ரெண்டுக்கும் கடைசியில பத்து எண்ணுற வரைக்கும், முடியலைன்னா முடிஞ்ச வரைக்கும், மூச்சை அடக்கணும். கேப்ஸ்யூல்ல ஸ்டீராய்டு கலந்திருந்தா வாய் கொப்பளிச்சுத் துப்பணும், இல்லன்னா நாக்குல வெள்ளை படியும், தொண்டை கட்டும்.

பலமா இழுக்குற தெம்பு அம்மாவுக்கு இல்லாமலும் இருக்கலாம். அப்படின்னா நீங்களா எதையும் மாத்தாதீங்க. மெஷினோட டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய், அவர் முன்னாடியே இழுத்துக் காட்டச் சொல்லுங்க. ஸ்பேசர் எழுதுனா அதைக் கழுவித் துணியால துடைக்காதீங்க. துடைச்சா மருந்து குடுவைச் சுவத்துலயே ஒட்டிக்கும். தானா காயணும்.

மருந்துக்கடை தங்கச்சி | 10.04
அண்ணே, அந்தக் கேப்ஸ்யூலை முழுங்கக் கூடாதுன்னும் ஒரு வார்த்தை சொல்லிருங்க. எங்க கடைக்கு வர்ற ஒரு தாத்தா மூணு மாசம் தண்ணியோட முழுங்கிட்டு இருந்தார். அப்புறம் அந்த விறகடுப்பு. சோறு ருசியா இருக்கும்னு எங்க பாட்டியும் விட மாட்டேன்னு அடம்தான். அந்தப் புகை போகாம எந்த மருந்தும் முழுசா கேக்காது.

குமரேசன்74 | 10.30
நெபுலைசர் வாங்குனா இந்த வம்பே இல்லன்னு இப்பவும் சொல்றேன்.

தூதுவளை | 10.41
கரண்ட் போனா என்ன செய்வீங்க சார்?

குமரேசன்74 | 10.45
இன்வெர்ட்டர் எதுக்கு இருக்கு? பேட்டரில ஓடுறதும் வந்தாச்சு.

*(இடையில் நெபுலைசர், இன்வெர்ட்டர் பற்றிய 14 பதில்கள் தனி இழைக்கு மாற்றப்பட்டன.)*

பேட்டை பாய் | வெள்ளி, மாலை 5.10
தம்பி, அம்மா எப்படி இருக்காங்க? ஒரு வரி போடுங்க.

கடையநல்லூரான் | ஞாயிறு, இரவு 9.18
சென்னை வந்துட்டேன். டாக்டர் முன்னாடி இழுத்துக் காட்டுனாங்க, முதல் தடவை சத்தம் வரல, மூணாவது தடவை வந்துச்சு. அதே மருந்துதான், மாத்தல. ராத்திரி வீடியோ கால்ல நான் பாக்க இழுக்குறாங்க, முடிச்சதும் காலி கேப்ஸ்யூலைக் கேமரா முன்னாடி தூக்கிக் காட்டுறாங்க. நேத்து விடியற வரைக்கும் தூங்குனாங்களாம். அடுப்பு விஷயம் இன்னும் சண்டைதான். எல்லாருக்கும் நன்றி.