ஏற்காட்டில் ஏற்றி, அடிவாரத்தில் இறக்கினால் என்ன?

சேகோ மில்:
அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஜவ்வரிசி மில் ஓட்டுகிறேன், உயர் அழுத்த (ஹெச்டி) கனெக்‌ஷன். சாயங்கால பீக் ஹவரில் யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதல். மரவள்ளிக் கிழங்கு லாரி வந்து நின்றுவிட்டால் நேரம் காலம் பார்க்க முடியுமா? பிடுங்கிய கிழங்கு இரண்டு நாள் கிடந்தாலே உள்ளே நீலம் பாய்ந்துவிடும். மதியம் சோலார் கரண்ட் மிஞ்சுகிறது என்கிறார்கள். மில் வாசலில் நின்றால் எதிரே சேர்வராயன் மலை, கிட்டத்தட்ட 1,100 மீட்டர் ஏற்றம். மதியம் மேலே தண்ணீரை ஏற்றி, சாயங்காலம் இறக்கி மின்சாரம் எடுக்கலாம்தானே?

பழைய ஷிப்ட்:
எடுக்கலாம். கோவை மாவட்டம் கடம்பாறை மின் நிலையத்தில் அதே வேலைதான், 100 மெகாவாட் மிஷின் நான்கு. மலைக்குள் குடைந்த பவர் ஹவுஸ், சுரங்கப் பாதை வழியாகத்தான் டூட்டிக்குப் போவோம். ஒரே மிஷின்தான்: ஒரு பக்கம் சுற்றினால் ஜெனரேட்டர், நிறுத்தி எதிர்ப்பக்கம் சுற்றவிட்டால் பம்ப். 4 யூனிட் செலவழித்து ஏற்றினால் 3 யூனிட்தான் திரும்பி வரும். நஷ்டம்தான், ஆனால் சாயங்கால 3 யூனிட்டுக்கு மதிப்பு அதிகம். எங்கள் காலத்தில் ராத்திரியில்தான் ஏற்றுவோம், சோலார் ஏது அப்போது!
ஒன்று சொல்கிறேன் தம்பி, 1,100 மீட்டரை இந்த மாதிரி மிஷின் ஒரே மூச்சில் ஏற்றாது. கடம்பாறை இறக்கம் இதில் பாதிகூட இல்லை. பாதி மலையில் இடம் தேடுங்கள்.

காப்பித் தோட்டம்:
ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். கோடையில் கிளியூர் அருவி பாறையாக நிற்கும், இங்கே தண்ணீர் லாரிக்குக் காத்திருப்போம். ஏரியைத் தொட்டால் விடமாட்டோம் அண்ணா!

பழைய ஷிப்ட்:
ஏரி வேண்டாம்மா. தனியாக இரண்டு குளம் வெட்டி ஒரு மழைக்காலத்தில் நிரப்பினால் போதும், அதே தண்ணீர்தான் மேலும் கீழும் போய்வரும். வெயிலில் ஆவியாவதை மட்டும் ஈடுகட்ட வேண்டும்.

சேகோ மில்:
சார், கணக்குப் போட்டேன். வீட்டு மாடி டேங்க் 1,000 லிட்டர். அது 1,100 மீட்டர் இறங்கினால் 3 யூனிட். நீங்கள் சொன்னபடி பாதி இறக்கம் என்றால் ஒன்றரை. 100 மெகாவாட்டை 5 மணி நேரம் ஓட்ட 5 லட்சம் யூனிட் வேண்டும். சேதாரத்தையும் சேர்த்தால் 10 மீட்டர் ஆழத்தில் 9 ஏக்கர் குளம், அதுவும் மேலே ஒன்று கீழே ஒன்று. இவ்வளவுதானா என்று முதலில் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் கொண்டை ஊசி வளைவுகளில் பைக்கில் ஒரு சுற்றுப் போய்ப் பார்த்தேன். பாதி மலையில் 9 ஏக்கர் சமதளம் எங்கே? கண்ணுக்கு எட்டியவரை காப்புக்காடு, ஒரு வளைவில் காட்டெருமை வேறு நின்று முறைத்தது.

பழைய ஷிப்ட்:
அதுதான் தம்பி, தண்ணீரைவிட இடம்தான் தகராறு. நீலகிரி குந்தாவில் இதே மாதிரி 500 மெகாவாட் திட்டத்துக்கு ஏற்கெனவே இருக்கும் அணைகளையே மேலும் கீழும் வைத்துக்கொண்டது சும்மா இல்லை.

சேகோ மில்:
சரி சார். இப்போதைக்குக் கிழங்கு லாரியைக் காலை பீக் முடிந்து 11 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.