இலேசான தோட்டா, கனமான தோட்டா: செமி ஒட்டோ துவக்குகளோடு எங்கள் அனுபவங்கள்

உப்புவெளியிலிருந்து

போன கிழமை மருமகன் கனடாவிலிருந்து தொலைபேசி எடுத்துக் கேட்டார்: "மாமா, 36 கிராம் தோட்டா போட்டால் துவக்கு அருமையா ஓடுது. 24 கிராம் போட்டால் முதல் வெடியோட வெறுங்கோது வெளிய போற வாசலில குத்திட்டு நிக்குது. இதைக் குடுத்திட்டு வேற வாங்கட்டா?" அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். திருகோணமலைப் பிள்ளைகள் பலர் இப்போது வெளிநாடுகளில் களிமண் தட்டுச் சுடுகிறார்கள், அனுமதியோடு வாத்து வேட்டைக்குப் போகிறார்கள். அவரவர் பட்டதையும் கீழே எழுதுங்கள்.

நான் ஒன்ராறியோவில் துவக்குத் திருத்தும் பட்டறை ஒன்றில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவன். "ஓடுதில்லை" என்று மேசைக்கு வந்த செமி ஒட்டோக்களில் (ஒரு வெடி சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துவக்குகளில்) உண்மையாகவே ஏதாவது உடைந்திருந்தவை மிகக் குறைவு. ஆகவே துவக்கை விற்கிற யோசனையை முதலில் தள்ளி வையுங்கள்.

இந்தத் துவக்குகளுக்குத் தனியாக ஒரு பலம் கிடையாது. தோட்டா வெடிக்கிற வேகத்தில் ஒரு பங்கை எடுத்துத்தான் எல்லா வேலையும் நடக்கிறது: போல்ட் (குழலின் பின்வாயைப் பூட்டும் இரும்புக் கட்டை) பின்னே போக வேண்டும், வெற்றுக் கோதை இழுத்து எறிய வேண்டும், அடுத்த தோட்டாவைத் தூக்கிக் குழலுக்குள் கொடுத்துப் பூட்ட வேண்டும். தோட்டாவின் கிராம் கணக்கு உள்ளே இருக்கும் சன்னத்தின், அதாவது சிறு குண்டுகளின், எடை; 24 கிராம் சன்னமும் 36 கிராம் சன்னமும் ஒரே அளவுக் கோதுக்குள் இருந்தாலும், பின்னதில் எடை அரைவாசி கூட. சின்னதின் உதையில் போல்ட் கடைசி வரை போய்த் திரும்ப வேண்டும்; பெரியதின் உதையில் அதே போல்ட் பின்சுவரில் போய் அறையக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே துவக்கில் சமாளிப்பதில்தான் வடிவமைத்தவர்களின் கெட்டித்தனம் முழுவதும் இருக்கிறது.

வாயுவில் ஓடும் வகையைப் பாருங்கள். குழலின் நடுப்பகுதியில் சிறு துளை ஒன்றோ இரண்டோ இருக்கும். சன்னம் அதைக் கடந்ததும் கொஞ்ச வாயு அந்தத் துளையால் இறங்கி, மகசின் குழாயை (அடுத்த தோட்டாக்கள் காத்திருக்கும் குழாய்) சுற்றியிருக்கும் பிஸ்டனைத் தள்ளும். துளை பெரிதானால் இலேசான தோட்டாவும் ஓடும், ஆனால் கனமானது துவக்கை அடித்து நொறுக்கும். சிறிதானால் எதிர்மாறு. 1963இல் வந்த ரெமிங்டன் 1100இல் இதற்காகத்தான் சாதாரணத் தோட்டாவுக்கு ஒரு குழல், 3 அங்குல மக்னம் என்ற நீளமான கனத்த தோட்டாவுக்கு வேறு குழல் என்று வைத்தார்கள். மக்னம் குழலைப் போட்டுக்கொண்டு 28 கிராமில் தட்டுச் சுட வந்து, ஓடவில்லை என்று துவக்கோடு கோபித்துக்கொண்டவர்களைக் கண்டிருக்கிறேன். குழலில் என்ன பொறித்திருக்கிறது என்று வாசித்தாலே பாதிப் பிரச்சினை தீரும். பிறகு 1987இல் வந்த 11-87இலும், அதற்குப் பின் வந்த பல துவக்குகளிலும் மிஞ்சிய வாயுவைத் தானே வெளியே விடுகிற வால்வு இருக்கிறது. அதனால் ஒரே குழலில் இரண்டும் ஓடுகின்றன.

ஆனால் வால்வு, துளை, பிஸ்டன் எல்லாம் கரி பிடிக்கிற இடங்கள். சில மாதிரிகளில் அங்கே ஒரு இறப்பர் வளையமும் இருக்கும். விலை சொற்பம்தான், அது வெடித்துவிட்டால் வாயு ஒழுகும். அப்போது கனமான தோட்டா எப்படியோ ஓடிவிடும், இலேசானது மட்டும் சிக்கும். மருமகனுக்கு நடப்பதும் இதே மாதிரித்தான். கனத்தில் ஓடி இலேசில் நிற்கிறது என்றால் எங்கோ பலம் ஒழுகுகிறது, அல்லது எங்கோ உராய்வு தின்கிறது.

பலரும் பார்க்காத இடம் ஒன்று இருக்கிறது. பல துவக்குகளில் போல்டை முன்னே தள்ளும் ஸ்பிரிங் பின்கட்டைக்குள் ஒரு குழாயில் இருக்கும். துவக்கை நிமிர்த்தி வைத்தால் எண்ணெயும் கரியும் ஈரமும் மெல்ல மெல்ல அந்தக் குழாய்க்குள்தான் இறங்கும். வாத்துச் சதுப்பில் பாவித்த ஒரு துவக்கின் பின்கட்டையை நீளத் திருப்புளியால் கழற்றி, குழாயைக் கவிழ்த்தேன். கடும் தேயிலைச் சாயம் போல ஒரு தண்ணீர் கொட்டியது. பின்னாலே ஸ்பிரிங் வரவில்லை, துருவில் ஒட்டிக் கிடந்தது. மேலே போல்ட் கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. சொந்தக்காரர் நல்ல மனிதர், தெரிகிற இடமெல்லாம் துடைத்து வைத்திருந்தார். ஸ்பிரிங்கை மாற்றிக் குழாயைத் துடைத்துக் கொடுத்தேன். 28 கிராம் அன்றே ஓடியது.

அது நன்னீர்ச் சதுப்பு. நம்முடைய கரையில், வாடைக்காற்று உப்பைக் கொண்டுவந்து சன்னல் கம்பியைத் தின்கிற இடத்தில், இது இன்னும் வேகமாக நடக்கும்.

லண்டனிலிருந்து (வளர்ந்தது ஓர்ஸ் ஹில்)

அண்ணை, நீங்கள் வாயு வகையைச் சொல்லிவிட்டீர்கள். நான் மற்ற வகையைச் சொல்கிறேன். இங்கே சொட்கன் அனுமதிப் பத்திரத்தில் செமி ஒட்டோ வைத்திருக்கலாம். ஆனால் மகசினில் 2 தோட்டாவுக்கு மேல் போகக் கூடாது, மகசின் கழற்றக் கூடியதாகவும் இருக்கக் கூடாது. 1988இல் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து இப்படித்தான். தட்டுச் சுடுபவர்கள் பெரும்பாலும் 28 கிராம், உடம்பு நோகாமல் இருக்க 24, பிள்ளைகளுக்கு 21.

என்னிடம் இருந்தது இனர்ஷியா வகை. பெனெல்லி கம்பெனியால் பெயர் பெற்ற முறை, புரூனோ சிவொலானி என்ற இத்தாலியர் அமைத்தது. வாயுத் துளையே இல்லை. வெடித்ததும் துவக்கு முழுவதும் பின்னே வருகிறது. கனமான போல்ட் உடம்பு மட்டும் இருந்த இடத்தில் நிற்கப் பார்க்கிறது. அந்த ஒரு கணத்தில் போல்டுக்குள் இருக்கும் கட்டையான ஸ்பிரிங் நசுங்கி, பிறகு விரிந்து போல்டைப் பின்னே எறிகிறது. கரி பிடிக்காது, துடைப்பது சுகம். கனமான தோட்டாவுக்கு இதைப்போல ஒன்று இல்லை என்றே சொல்வேன்.

ஆனால் துவக்கு பின்னே வந்தால்தான் இது ஓடும். இதைத்தான் மகளோடு சுடப் போனபோது பார்த்தேன். உதை குறையட்டும் என்று பின்கட்டைக்குள் ஒரு பாரம் போட்டு, தடித்த இறப்பர் அணையும் பூட்டியிருந்தது. அவளுக்கு 21 கிராம். துவக்கு பாரம், தோட்டா இலேசு, பின்னே வருகிற வேகம் போதவில்லை. போல்ட் பாதி வழி போய்த் திரும்பியது, கோது வாசலில் மாட்டியது. அதே துவக்கு, அதே தோட்டா, பாரத்தைக் கழற்றியதும் பெரும்பாலும் ஓடியது. பெரும்பாலும் என்பது போட்டியில் போதாது. அவளுக்கு வாயு வகை ஒன்று வாங்கினோம். உதையும் தோளுக்கு மென்மையாகத் தெரிகிறது, 21உம் ஓடுகிறது. இனர்ஷியாவை நான் வைத்துக்கொண்டேன், 32 கிராமோடு.

இனர்ஷியா வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. புதிய துவக்கில் ஸ்பிரிங்கும் தடங்களும் இறுக்கமாக இருக்கும். முதலில் கனமான தோட்டா சிலதைச் சுட்டுப் பழக்கிவிட்டு இலேசானதுக்கு வாருங்கள். கம்பெனிக் கையேடுகளும் இதைத்தான் சொல்கின்றன. வேலியிலோ சுவரிலோ பின்கட்டையை முட்டவைத்துச் சுட்டுப் பார்க்க வேண்டாம். அது நல்ல துவக்கையும் ஓடவிடாது.

தம்பலகாமத்திலிருந்து

ஐயா, இங்கே இப்போது பயிர்க்காவலுக்கு இருப்பதெல்லாம் ஒற்றைக் குழலும் இரட்டைக் குழலும்தான். ஆனால் என் அப்பாவிடம் அந்தக் காலத்தில் அனுமதிப் பத்திரத்தோடு ஒரு பிரவுணிங் இருந்தது, பெல்ஜியத்தில் செய்த ஒட்டோ-5. தோட்டத்துத் துரை ஒருவரிடமிருந்து வாங்கியது. எண்பதுகளில் பொலிஸில் ஒப்படைத்தோம், திரும்ப வரவில்லை. அந்தத் துவக்கைப் பற்றி எழுத ஓர் இடம் கிடைத்ததில் மனம் நிறைகிறது.

ஜோன் பிரவுணிங் 1900இல் காப்புரிமை எடுத்த துவக்கு அது. 1998 வரை செய்தார்கள். அதில் வாயுவும் இல்லை, தம்பி சொன்ன இனர்ஷியாவும் இல்லை. வெடித்ததும் குழலும் போல்டும் ஒன்றாகப் பூட்டியபடியே முழுத் தூரமும் பின்னே வரும். பிறகு குழல் மட்டும் முன்னே போகும், கோது விழும், கடைசியில் போல்ட் அடுத்த தோட்டாவோடு முன்னே போகும். பக்கத்தில் நின்றால் இரண்டு தட்டுகள் கேட்கும்.

இலேசுக்கும் கனத்துக்கும் அதில் ஒரு வழி வைத்திருந்தார்கள். முன்கட்டையைக் கழற்றினால் மகசின் குழாயைச் சுற்றிப் பெரிய ஸ்பிரிங். அதன் தலையில் பித்தளை நிறத்தில் வெண்கலக் கவ்வி ஒன்று, குழாயைப் பிடித்து உராய்ந்து குழலின் வேகத்தைத் தணிக்க. கூடவே ஓர் உருக்கு வளையம், ஒரு பக்கம் தட்டை, மறு பக்கம் உட்சரிவு. கனமான தோட்டா என்றால் வளையத்தை ஸ்பிரிங்குக்கும் வெண்கலக் கவ்விக்கும் நடுவில், சரிவு கவ்வியைப் பார்க்க வைக்க வேண்டும். உதைக்கும்போது சரிவு கவ்வியை இறுக்கும், உராய்வு கூடும். இலேசான தோட்டா என்றால் வளையத்தைக் கழற்றி ஸ்பிரிங்கின் அடியில், போல்ட் இருக்கும் பெட்டிப் பக்கம் போட்டுவிட வேண்டும். அங்கே அது சும்மா கிடக்கும்.

முன்கட்டையின் உள்பக்கத்தில் இந்த இரண்டு விதத்தையும் படம் போட்டு ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. மஞ்சளாகி ஓரம் கிழிந்திருந்தது. அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. படத்தைப் பார்த்தே பிழையில்லாமல் மாற்றுவார். கௌதாரிக்கு ஒரு விதம், பெரும்போகத்தில் பன்றிக்கு எஸ்ஜி என்ற பெருங்குண்டுத் தோட்டா போடும்போது மற்ற விதம். மாற்றாமல் விட்டால் என்ன என்று கேட்டிருக்கிறேன். "கனத்துக்கு வச்சபடி சின்னத் தோட்டா போட்டா ஓடாது, அது பரவாயில்லை. சின்னதுக்கு வச்சபடி எஸ்ஜி போட்டா கட்டை வெடிச்சுப் போகும்" என்றார். பழைய ஒட்டோ-5களில் முன்கட்டை வெடித்தவை நிறைய என்று பிறகு அறிந்தேன்.

எண்ணெய் விஷயத்திலும் அப்பா கண்டிப்பு. மகசின் குழாயில் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு தடவை இழுப்பார், உடனே காய்ந்த துணியால் இன்னொரு தடவை. எண்ணெய் கூடினால் கவ்வி வழுக்கும், உதை தோளுக்கு வரும். முற்றாகக் காய்ந்தால் இலேசான தோட்டா ஓடாது. தேங்காய் எண்ணெயை ஒருபோதும் தொடவிடமாட்டார்; நாள்பட்டால் பிசுபிசுத்து அழுக்கைப் பிடித்து வைக்கும். தையல் மெசின் எண்ணெய்தான்.

மூதூரிலிருந்து

என்னிடம் இருப்பது இரட்டைக் குழல், ஓடுகிற பிரச்சினையே இல்லை. ஆனாலும் இரண்டு விஷயம். ஒன்று, கரையோரத்தில் தோட்டாப் பெட்டியைத் திறந்து வைத்தால் மாரி முடிவதற்குள் அடிப்பித்தளை மங்கி, சிலதில் துரு பொங்குகிறது. பித்தளை என்று நினைப்பதில் பாதி, பூச்சுப் பூசிய உருக்குத்தான். நான் மூடி இறுகிய போத்தலில் போட்டுப் பூட்டி வைக்கிறேன். இரண்டாவது ஒரு கேள்வி, ஐயா: பெட்டியில் 76 மில்லிமீற்றர் என்று போட்ட தோட்டா என் துவக்கின் 70 மில்லிமீற்றர் அறைக்குள், அதாவது குழலில் தோட்டா உட்காரும் இடத்துக்குள், சுகமாகப் போகிறது. அப்படியானால் சுடலாம்தானே?

உப்புவெளியிலிருந்து மீண்டும்

மூதூர்த் தம்பிக்கு முதலில்: வேண்டவே வேண்டாம். பெட்டியில் போட்ட நீளம், சுட்டபின் வாய் விரிந்த கோதின் நீளம். சுடாத தோட்டாவின் வாய் மடிந்திருப்பதால் கட்டையாக இருக்கும், உள்ளே போகும். சுடும்போது அந்த வாய் விரிய இடமில்லாமல் குழல் குறுகும் இடத்தில் மாட்டும், அழுத்தம் ஏறும். உள்ளே போகிறது என்பது எதற்கும் சான்றல்ல. குழலில் பொறித்த எண்தான் கணக்கு.

இதே நீளத்தை வைத்து ரெமிங்டன் 2010இல் வெர்சா மக்ஸ் என்ற துவக்கில் அழகான ஒரு வேலை செய்தார்கள். வாயுத் துளைகளை அறைக்குள்ளேயே வைத்தார்கள், மொத்தம் 7. 2¾ அங்குலக் கோது விரிந்தால் ஏழும் திறந்திருக்கும். 3 அங்குலக் கோது மூன்றை மூடி நான்கை விடும். 3½ அங்குலம் மூன்றை மட்டும் விடும். தோட்டாவே தனக்கு வேண்டிய வாயுவை அளந்து எடுக்கிறது. மேசையில் முதன்முதலாக அந்தக் குழலைப் பார்த்தபோது ஒரு நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

துருப்பிடித்த உருக்கடிக் கோது அறையில் ஒட்டும் என்பதும் உண்மை. கொக்கி இழுக்கும் பலம் இலேசான தோட்டாவில் குறைவு, அதனால் அங்கேதான் முதலில் சிக்கும். அறையை உலர்ந்த தூரிகையால் தேய்த்து, எண்ணெய் இல்லாமல் துடைத்து விடுங்கள்.

இலேசான தோட்டா ஓட வேண்டும் என்று வாயுத் துளையைத் துரப்பணத்தால் அகலப்படுத்தச் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். ஒருமுறை அகன்ற துளை குறுகாது. இலேசானது ஓடும், பிறகு 36 கிராம் போட்ட நாளில் போல்ட் பின்னே மோதுகிற சத்தத்தை நீங்களே கேட்பீர்கள். அப்படித் துளைத்த ஒரு குழலை நான் திருப்பி அனுப்பினேன், வேறு குழல் வாங்கச் சொல்லி.

அப்புறம், எங்கே பிழை என்று பிடிக்க ஒரு வழி. சுடும் திடலில், குழல் பாதுகாப்பான பக்கம் பார்க்க, ஒரேயொரு தோட்டா போட்டுச் சுடுங்கள். மகசின் வெறுமையாக இருப்பதால், பெரும்பாலான துவக்குகளில் போல்ட் பின்னே போய்ப் பூட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கோது விழுந்தும் போல்ட் மூடிக்கொண்டால் அது முழுத் தூரம் போகவில்லை. கோது எங்கே விழுகிறது என்றும் பாருங்கள். காலடியில் விழுந்தால் பலம் போதவில்லை. 36இல் வெகு தூரம் பறந்தால் வால்வு மிச்சத்தை விடவில்லை, கரி அடைத்திருக்கும். போல்ட் போய் வந்தும் கடைசி மயிரிழை மூடாமல் நின்றால் வாயுவை விட்டுவிட்டுப் பின்கட்டை ஸ்பிரிங்கைப் பாருங்கள்.

மருமகன் நேற்றிரவு மறுபடி எடுத்தார். இறப்பர் வளையம் நன்றாக இருந்ததாம். வாயுத் துளை இரண்டில் ஒன்று கரியால் முக்கால்வாசி அடைத்திருந்தது. பிஸ்டனுக்குத் தாராளமாக எண்ணெய் விட்டு வைத்திருந்ததால் கரி அதோடு சேர்ந்து கட்டியாகிவிட்டது. பல்லுக்குத்தும் குச்சியால் குடைந்து, கரைப்பானில் ஊறவைத்து, காய்ந்த துணியால் துடைத்துப் பூட்டினார். 24 கிராம் இப்போது ஓடுகிறது. 21 ஓடவில்லை. அவருடைய கையேட்டில் குறைந்தது 24 என்றுதான் போட்டிருக்கிறது, அதனால் அதை விட்டுவிடச் சொன்னேன்.